கச்சேரிப் பதிவையும் ஸ்டுடியோ பதிவையும் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக மைக் செட் வைத்திருக்கிறேன். கோயில் கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவதோடு, மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்தும் வைப்பேன். அவற்றைக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் “மேடையில் பாடியதில்தான் ஜீவன் இருக்கிறது” என்பார்கள். மீதிப் பேருக்கு ஸ்டுடியோ பதிவுதான் சுத்தம். இரு தரப்பாரும் பதிவுகளைச் சமப்படுத்தாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஜோடியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே பாடகர், ஒரே பாட்டு, முடிந்தால் நாலைந்து ஆண்டு இடைவெளிக்குள். நான் பெரும்பாலும் ‘தாரினி தெலுசுகொண்டி’யை எடுத்துக்கொள்வேன். தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பய்யருக்காக எங்கள் ஊருக்கு வந்தபோது வடிவுடையம்மன் மேல் பாடிய ஐந்து கிருதிகளில் ஒன்று அது. அதன் ராகம் சுத்தசாவேரி. அதில் காந்தாரமும் நிஷாதமும் இல்லை. ஐந்தே சுரங்கள் என்பதால் எந்த வேறுபாடும் காதுக்குச் சட்டென்று தட்டுப்படும்.

அடுத்தது சுருதி, அதாவது பாடகர் ஆதாரமாக வைத்துப் பாடும் ஒலியின் உயரம். அதைக் ‘கட்டை’ என்று அளப்போம். இதில் அவசரப்படாதீர்கள். தொண்ணூறுகளில் நான் பதிந்த ஒரு கேசட்டில் பெரிய வித்வான் ஒருவரின் குரல் அவ்வளவு இளமையாக இருக்கும். பிருகாக்கள், அதாவது வேகமான சுர உருட்டல்கள், பொரிந்து விழும். அவருடைய ஸ்டுடியோ பதிவு அதற்குப் பக்கத்தில் நிற்காது என்று பத்து ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சன்னதித் தெருவில் வீணை கற்றுத்தரும் அம்மா கடைக்கு வந்தவர் கேட்டுவிட்டு, “அண்ணா, இவர் ஒன்றரைக் கட்டைதானே பாடுவார்? இது இரண்டு கட்டையில் நிற்கிறதே” என்றார். அன்று ரிக்கார்டரை பேட்டரியில் ஓட்டியிருந்தேன். பேட்டரி இறங்கியிருந்ததால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. நல்ல கேசட் டெக்கில் போட்டபோது வேகமாக ஓடி, குரல் அரைக் கட்டை ஏறிவிட்டது. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறும். நான் இளமை என்று நினைத்தது அந்த 6 சதவீதம்தான்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடை ஒயர்கள் வழியாக அந்த உறுமல் பெரும்பாலான பழைய பதிவுகளில் ஏறியிருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், தம்புரா தொடங்கும் முன் உள்ள சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, அதிர்வெண் வரைபடத்தை 65536 என்ற அளவில் போட்டுப் பாருங்கள். உறுமல் 50-இல் நின்றால் வேகம் சரி. என் கேசட்டில் 53-இல் நின்றது. ஆனால் நாடாவை நிறுத்திய பிறகும் உறுமல் கேட்டால் அது உங்கள் டெக்கின் உறுமல், அதை நம்பாதீர்கள். திருத்தும்போது சுருதியை மட்டும் இறக்காமல், வேகத்தையும் சேர்த்தே இறக்குங்கள். வயதாக ஆகப் பாடகர்களே சுருதியை இறக்கிக்கொள்வதும் உண்டு என்பதால், உறுமல் ஒன்று சொல்லித் தம்புரா வேறு சொன்னால் உறுமலின் பக்கம் நில்லுங்கள்.

பிறகு சத்தம். எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். பல்லவியின் முதல் வரியில் குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்படி வையுங்கள். எது எதென்று சொல்லாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்வது இன்னும் நல்லது. எனக்கு அக்கா மகன் போடுவான்.

இனி நான் சொல்லப்போவது என் தொழிலைப் பற்றியது. கச்சேரிப் பதிவில் மிருதங்கம் மெலிந்து கேட்டால் வித்வானைக் குறை சொல்லாதீர்கள். சிறிய மண்டபத்தில் மிருதங்கத்துக்கு மைக் அதிகம் தேவைப்படாது; தொப்பி என்னும் அதன் இடப்பக்கத்தின் நாதம் நேராகவே கடைசி வரிசைவரை போகும். அதனால் மிக்சரில் அதைத் தணித்து வைப்பேன். பதிவுக்குப் போவது அந்தத் தணித்த ஒலிதான். மண்டபத்தில் கும்மென்று அதிர்ந்தது கேசட்டில் தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கும். ஸ்டுடியோவில் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று வைப்பார்கள். எனவே, தாள வாத்தியத்தின் நாதத்தை வைத்து இரண்டையும் எடைபோடவே கூடாது. வாசிப்பை மட்டும் பாருங்கள். அவையின் நடுவில் யாராவது கையில் வைத்துப் பதிந்த கேசட் கிடைத்தால் விடாதீர்கள். இருமலும் இரைச்சலும் இருந்தாலும், மண்டபத்தில் உண்மையில் கேட்ட அளவு அதில்தான் இருக்கும்.

நீளத்தை ஒப்பிட வேண்டாம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குள் பாட்டை அடக்கினார்கள். மேடையில் ஆலாபனை, நிரவல், சுரம் என்று விரியும். கிருதியைக் கிருதியோடு மட்டும் வையுங்கள்.

ஹெட்போனில் ஒருமுறை மூச்சை மட்டும் கேளுங்கள். நீண்ட சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றி மெருகேற்றிப் பாடும் வடிவத்துக்கு) முன் மூச்சு வாங்கும் ஒலி காணாமல் போயிருந்தாலோ, தம்புராவின் மீட்டல் ஓரிடத்தில் தாவினாலோ, அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கச்சேரிப் பதிவு என்று விற்கிறவற்றிலும் இது உண்டு.

கடைசியாக வயலினைக் கேளுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில். என் கேசட்டில் அனுபல்லவியில் வித்வான் திடீரென்று ஒரு புதுச் சங்கதி போடுகிறார். வயலின் ஒரு கணம் பின்தங்கி, கடைசி இரண்டு சுரங்களில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்த சுற்றில் பாடகர் அதே சங்கதியைச் சற்று நிதானமாகப் பாடுகிறார். வயலின் முழுவதும் கூடவே வருகிறது. ஸ்டுடியோ பதிவிலும் அந்தச் சங்கதி இருக்கிறது. அங்கே வயலின் முதல் தடவையே பிசகாமல் சேர்ந்துவிடுகிறது. வேகத்தைத் திருத்திய பிறகு பிருகாக்களில் இரண்டு பதிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஒரு இடத்துக்காகவே அந்தக் கேசட்டை இன்னும் எடுத்துப் போடுகிறேன். அதே இடத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்றின் இரைச்சலும் அடியில் ஓடுகிறது. அதை நான் வடிகட்டவில்லை.