எலும்பை அறுக்கும்போது உங்கள் மூச்சுக்கு என்ன காவல்?

முழங்கால் மூட்டு மாற்று ஒன்று முடிந்ததும் முகத்தை மறைத்திருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக ரத்தம், நடுநடுவே எலும்புத் தூள். அறுவையில் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக 19 வருடம் நின்றிருக்கிறேன். அன்றுதான் உறைத்தது: தகட்டில் ஒட்டியது பெரிய துளி. அதைவிட நுண்ணியது ஒட்டாமல் காற்றிலேயே மிதக்கும், அதைத்தான் மூச்சில் இழுக்கிறோம். ரம்பம், எலும்பைக் குடையும் ரீமர், எலும்பைத் தேய்க்கும் பர், அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் கருவி, மின்சாரத்தால் சுட்டு வெட்டும் டயதர்மியின் புகை, எல்லாமே இதைக் கிளப்பிவிடும். முதுகெலும்புக் காசநோய்ச் சீழை வெளியேற்றும் நாளில் இதை எண்ணிப் பாருங்கள்.

முதலில் மாஸ்க். சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் நம் எச்சில் காயத்தில் விழாமல் தடுக்கத்தான். கன்னத்தோரம் இடைவெளி இருக்கும். என்95 வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் விளிம்பு முகத்தோடு ஒட்டியிருந்தால் மட்டும். ஒருமுறை முதுகெலும்புக் காசநோய் அறுவையில் என் கண்ணாடி திரும்பத் திரும்ப மங்கியது. அறைச் சூடு என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனைக்குப் போனேன். தலைமேல் உறை போட்டு இனிப்புக் கரைசலைத் தெளித்த உடனேயே நாக்கில் தித்தித்தது. இத்தனை நாளும் மூக்கோரம் காற்று கசிந்துகொண்டே இருந்திருக்கிறது! வேறு அளவு மாற்றிய பிறகுதான் தித்திப்பு நின்றது. அதனால் சொல்கிறேன், கண்ணாடி மங்கினால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறை அணியும்போதும் இரு கையாலும் மாஸ்கை மூடி, பலமாக ஊதிப் பாருங்கள். விளிம்பில் காற்று வந்தால் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் மறுபடி அழுத்துங்கள். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. வால்வு வைத்தது வேண்டாம், நம் மூச்சு வடிகட்டாமல் காயத்தின் மேல் போகும்.

மூட்டு மாற்றில் துணி உறையோடு தலையில் போடும், விசிறி வைத்த ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். 1960களில் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய எலும்பு சர்ஜன் கொண்டுவந்த இதன் முன்னோடி உடை நோயாளியின் காயத்தைக் காக்க உருவானது. இன்றைய ஹெல்மெட் அறையின் காற்றை மேலிருந்து இழுத்து முகத்தில் விடுகிறது. அதன் துணி நுண்துகளை நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். துளி தெறிக்காமல் காக்கும், அவ்வளவுதான். உள்ளே என்95 அவசியம்.

அப்புறம், கிளம்பும் இடத்திலேயே குறைப்பது. சக்‌ஷன் முனையை ரம்பத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை உறிஞ்சியை 5 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், தள்ளி வைத்தால் பயன் குறைந்துவிடும். திறந்த எலும்பு முறிவைக் கழுவ அழுத்தக் கருவி கட்டாயமில்லை. 2,447 நோயாளிகளோடு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மிகக் குறைந்த அழுத்தத்தில் கழுவினாலும் மறு அறுவையின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சர்ஜனிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ரம்பத்தை ஓடவிடும் முன் அவர் வாய்விட்டுச் சொன்னால் மற்றவர்கள் ஓரடி பின்வாங்கலாம்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தே செய்ய முடிந்தால் நல்லது. முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் செருக வேண்டியிருந்தால், அந்நேரம் தேவையானவர்கள் மட்டும் உள்ளே இருங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் மணிக்குக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று பொறியாளரிடம் கேட்டு எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். மணிக்கு 15 முறை என்றால் மிதப்பதில் 99 சதவீதம் நீங்க 18 நிமிடம் ஆகும். 20 முறை என்றால் 14. காற்று நன்றாகக் கலந்தால்தான் இந்தக் கணக்கு; மூலைகளில் இன்னும் கூடும். தியேட்டரில் அழுத்தம் வெளியைவிட அதிகம், கதவைத் திறந்தால் உள்ளிருப்பது தாழ்வாரத்துக்குப் போகும். அதனால் தேவையான சாமான் எல்லாம் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும்.

கழற்றும்போது கவுனும் கையுறையும் முதலில், கை கழுவி முகத் தகடு, வெளியே வந்த பிறகே மாஸ்க், அதுவும் பட்டையைப் பிடித்து. கடைசியாக மறுபடி கை கழுவுங்கள்.

தரை துடைக்க வரும் அக்காவை அந்த 18 நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு என்95 எடுத்துக் கொடுத்து, ஊதிப் பார்ப்பது எப்படி என்று காட்டிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.