கண்ணாடிய விடுங்க, முதுகுல ஆரம்பிங்க: சூப்பர்ஹீரோவோட ரெண்டு ஆளையும் நடிச்சுப் பழகுறது எப்படி

ஒரு மூக்குக்கண்ணாடி போட்டா அடையாளமே தெரியாம போயிடுமானு, சூப்பர்மேன் சாதாரண ஆளா போடுற வேஷமான கிளார்க் கென்ட்டை கலாய்க்காத ஆளே கிடையாது. 1978ல வந்த சூப்பர்மேன் படத்துல, கிளார்க் கூட வேலை பாக்குற லோயிஸ் வீட்டு சீனை மட்டும் பாருங்க. அவ அந்தப் பக்கம் போன கேப்ல, கிளார்க்கா நடிச்ச கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடிய கழட்டுறாரு, முதுகு நிமிருது, தோள் விரியுது, குரல் இறங்குது, உண்மைய சொல்லிடலாம்னு வாயெடுத்துட்டு டக்குனு மனசு மாறி மறுபடி சுருங்கிடுறாரு. கிராபிக்ஸ் எதுவும் கிடையாது, எல்லாம் உடம்புதான்.

முதல் ஸ்டெப், ஆளுயர கண்ணாடி முன்னாடி நில்லுங்க, மூஞ்சிய மறந்துடுங்க. கிளார்க்குக்கு நெஞ்செலும்ப லேசா உள்ள விடுங்க, தோள் தானா முன்னாடி வரும், முட்டிய கொஞ்சம் தளர்த்துங்க, அவ்ளோதான். ரொம்ப கூன் போட்டா கிழவன் மாதிரி ஆயிடும். ரீவ் ஆறடி நாலு அங்குலம், அந்த உயரத்தையே இப்படித்தான் ஒளிச்சாரு. அப்புறம் மூச்ச அடிவயிறு வரைக்கும் இழுத்துட்டே கழுத்த நீட்டி மெதுவா நிமிருங்க, நெஞ்ச மட்டும் புடைக்காதீங்க, அது பரேடு. ரெண்டுக்கும் நடுவுல மெதுவா போயிட்டு வந்து பழகுங்க, ஸ்பீடு அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து கை. கிளார்க் கைக்கு எப்பவும் ஏதாவது வேலை வேணும், டைய இழுக்குறது, பைய மாத்திப் பிடிக்கிறதுனு. ஹீரோ கை சும்மா தொங்கும். கேக்க ஈசியா இருக்கும், ஆனா கேமரா முன்னாடி கைய சும்மா விடுறது மாதிரி கஷ்டம் வேற இல்ல.

குரலுக்கு தனியா மெனக்கெட வேணாம், நெஞ்சு சுருங்குனா மூச்சு மேலயே நிக்கும், குரலும் மேல ஏறிடும். 2005ல பேட்மேனா வந்த கிறிஸ்டியன் பேலோட உறுமல உடனே காப்பி அடிக்காதீங்க, தொண்டை போயிடும். அவர்கிட்ட கத்துக்க வேண்டியது வேற, பேட்மேனோட நிஜப் பேரு புரூஸ்; பார்ட்டில அலட்டுற புரூஸும் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரட்கிட்ட தனியா பேசுற புரூஸும் ஒரே ஆள் இல்ல. முகமூடி போடாமலே ரெண்டு பேரு.

இனிமேதான் முக்கியமான விஷயம். கிளார்க் நிஜமா தடுமாறல, தடுமாறுற மாதிரி *நடிக்கிறான்*. ரீவ் இதுக்கு கேரி கிராண்டோட பழைய காமெடி நடிப்பதான் மாடலா வச்சுக்கிட்டாரு, அதனால டைமிங் வேணும். பேப்பர கீழ போடுறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி யாராவது பாக்குறாங்களானு கண்ணு போகணும், போனதும் தெரியக்கூடாது. இது வரலேன்னா வெறும் பயந்தாங்கொள்ளி கேரக்டர்தான் கிடைக்கும், ரகசியம் இருக்காது.

கடைசியா போன்ல ஷூட் பண்ணி சவுண்ட ஆஃப் பண்ணிட்டு யார்கிட்டயாவது காட்டுங்க, நடுவுல எங்கயாவது நிறுத்தி இப்ப யாரு நிக்கிறானு கேளுங்க. கண்ணாடி இல்லாமலே கரெக்டா சொல்லிட்டாங்கன்னா, அப்ப கண்ணாடி வாங்கிக்கலாம்.