பாளையங்கோட்டை 627002: ஓர் ஆறிலக்க எண்ணைக் கையாலேயே பிரிப்பது எப்படி?

பெரிய எண் ஒன்றைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பழக எங்கும் தேடி அலைய வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் ஊர்ப் பெயரை ஒட்டி நிற்கும் பின்கோடு போதும். 1972 ஆகஸ்ட் 15 முதல் அஞ்சல்காரர்கள் கடிதம் பிரிக்க உதவும் எண். நாம் அதையே பிரிப்போம். கால்குலேட்டரை மூடி வையுங்கள்.

முதல் படி மிக எளிது. 627002 இரட்டை எண், பாதியாக்கினால் 313501.

இரண்டாம் படியில் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது. 627 என்பது 3 × 11 × 19. ஆகவே 627000ஐ 3, 5, 11, 19 நான்கும் மீதியின்றி வகுக்கும். நம் எண் அதைவிட 2 கூடுதல் என்பதால், இந்த நான்கில் எதனால் வகுத்தாலும் மீதி 2. ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் நான்கு பகா எண்களைக் கழித்துவிட்டோம்! நெல்லைக்காரர்களுக்கு 627 கொடுத்த சலுகை இது.

மிச்சமுள்ள 7, 13, 17, 23, 29, 31 ஆகியவற்றால் 313501ஐ வகுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றும் மசியாது. அடுத்த 37 மசியும்: 313501 = 37 × 8473. புதிதாகப் பழகுபவர்கள் இங்கே உடனே 41க்குத் தாவிவிடுவார்கள். தாவாதீர்கள், வகுத்த எண்ணாலேயே மறுபடி வகுத்துப் பாருங்கள். 8473 = 37 × 229.

229ஐ மேலும் சோதிக்க வேண்டியதில்லை. 37க்குக் குறைந்த பகா எண்கள் எல்லாம் ஏற்கெனவே தோற்றுவிட்டன. 229 என்பது 37 × 37ஐவிடச் சிறியது. எனவே அது பகா எண்.

627002 = 2 × 37² × 229

காரணிகளின் எண்ணிக்கைக்கு அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 = 12.

இனிதான் சுவையான பகுதி. 4ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா எழுதினார். நிறுவிக் காட்டியவர் பின்னால் வந்த கணிதர் ஆய்லர். 37, 229 இரண்டும் அந்த இனம். 2 × 229 = 458 = 17² + 13². 17, 13 இரண்டையும் 37ஆல் பெருக்கினால் 629² + 481² = 627002.

இன்னொரு வழியும் உண்டு. 37² = 35² + 12². இதை 17, 13 உடன் குறுக்காகப் பெருக்குங்கள்: 17 × 35 + 13 × 12 = 751; 13 × 35 − 17 × 12 = 251. சரிபாருங்கள்: 564001 + 63001. கூட்டல் கழித்தல் குறிகளை இடம் மாற்றினால் 659, 439 கிடைக்கும். மொத்தம் மூன்றே வழிகள்.

தாமிரபரணிக்கு அக்கரையில் திருநெல்வேலி டவுனின் 627006க்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது 2 × 3 × 31 × 3371. 3, 31 இரண்டும் 4ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை, ஜோடி சேராமல் ஒற்றையாக வேறு நிற்கின்றன. அப்படி ஒன்று நின்றாலே போதும், இரண்டு வர்க்கங்களாக அதை எழுதவே முடியாது.

627001ஐ உங்களுக்கு விட்டுவிடுகிறேன். 71 வரும் வரை பொறுமையாக வகுங்கள்.