ஜெபர்சனின் சுவரும் பாப்டிஸ்ட் போதகரும்: அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா பிறந்த கதையைப் பேச வந்தால் பலர் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அது கிறிஸ்தவ நாடாகவே உருவானது என்பார் ஒருவர். அதை உருவாக்கியவர்கள் மதத்தையே ஒதுக்கியவர்கள் என்பார் மற்றவர். இருவர் கையிலும் மேற்கோள் இருக்கும். மதமும் ஒழுக்கமும் அரசியல் வாழ்வுக்கு இன்றியமையாத துணைகள் என்று முதல் அதிபர் வாஷிங்டன் 1796-இல் தன் பிரியாவிடை உரையில் எழுதினார். வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியுடன் செய்து, அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில், அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று ஒரு பிரிவு இருந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அதை ஒருமனதாக ஏற்றது, அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். இதில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, அரசுக்கும் சர்ச்சுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று நினைப்பது. கேட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், தீவிர பக்தர்கள். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறும் முன்பு வர்ஜீனியாவில் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபைதான் அரசின் சபை. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களை அங்கே சிறையில் அடைத்தார்கள். கனெக்டிகட்டில் காங்கிரிகேஷனல் சபைக்கு மக்களின் வரிப்பணம் போனது. அந்த வரியிலிருந்து தப்ப மற்ற சபையினர் சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகள் 1801 அக்டோபரில் அதிபர் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் சுதந்திரம் சலுகையாகத்தான் கிடைக்கிறது, உரிமையாக அல்ல என்பது அவர்களின் குறை. அதற்கு அவர் எழுதிய பதிலில்தான் அந்தப் புகழ்பெற்ற 'சுவர்' வருகிறது. தேதி 1802 ஜனவரி 1.

அதே நாளில் ஜெபர்சனின் வாசலுக்கு 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் மக்கள் அவருக்காகவே செய்தது. கொண்டுவந்தவர் ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். அன்பளிப்பாக வைத்துக்கொள்ளாமல் லீலண்டுக்கு 200 டாலர் கொடுத்ததாக ஜெபர்சன் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்திருக்கிறார். ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, லீலண்ட் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் மன்றத்திலேயே பிரசங்கம் செய்தார். கேட்க வந்தவர்களில் ஜெபர்சனும் ஒருவர். சுவரைப் பற்றி எழுதி இரண்டே நாள் ஆகியிருந்தது! இதை இரட்டை வேடம் என்று சொல்ல நான் தயாரில்லை. சர்ச்சுக்காக வரி வாங்காதே, யாரையும் கட்டாயப்படுத்தாதே என்பதுதான் அவர்கள் அப்போது கேட்டது. பொது இடத்தில் பிரசங்கமே கூடாது என்று லீலண்ட் கேட்கவில்லை.

சரி, அந்தக் கடிதத்தால் டான்பரிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? சட்டப்படி ஒன்றுமில்லை. மதச் சுதந்திரத்தைக் காக்கும் 1791-இன் அரசியலமைப்பு முதல் திருத்தம் மத்திய நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது, மாநிலங்களை அல்ல. கனெக்டிகட்டில் சபைக்கு வரிப்பணம் தரும் ஏற்பாடு 1818 வரை நீடித்தது, மாசசூசெட்ஸில் 1833 வரை. மேரிலாண்டில் யூதர்கள் மாநிலப் பதவி ஏற்பதற்கு வழி 1826-இல்தான் பிறந்தது. ஆகவே 'அமெரிக்காவில் 1791 முதல் மதச் சுதந்திரம்' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். எந்த மாநிலம், எந்த ஆண்டு என்று பார்க்க வேண்டும்.

தேர்தல் நேரத்து வசவைச் சாட்சியாக எடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1800 அதிபர் தேர்தலில் ஆடம்ஸை எதிர்த்து நின்ற ஜெபர்சனை ஆடம்ஸின் பெடரலிஸ்ட் கட்சியினர் நாத்திகர் என்றார்கள். ஆனால் அவர் ஒரே கடவுளை நம்பியவர். இயேசுவின் போதனைகளைப் பெரிதும் மதித்து, அற்புதங்களை விட்டுவிட்டு, நற்செய்தி நூல்களிலிருந்து வேண்டியதைக் கத்தியால் வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு தொகுப்பே செய்துகொண்டார். மறுபக்கம் ஆடம்ஸ் 1798-இலும் 1799-இலும் நாடு முழுவதும் நோன்பு நாள் அறிவித்தார். பிரஸ்பிட்டீரியன் சபையை அரசு மதமாக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம் அதனால் கிளம்பியது, தான் தோற்றதற்கு அதுவே காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பக்தியைக் காட்டியதாலும் ஓட்டு போயிருக்கிறது.

பின்னால் சேர்ந்த கதைகளிலும் கவனம் தேவை. பிரியாவிடை உரையை வாஷிங்டன் எந்த மேடையிலும் பேசவில்லை, அது செய்தித்தாளில் அச்சானது. விடுதலைப் போரின்போது படை முகாமிட்ட வேலி போர்ஜில் அவர் தனியாக ஜெபம் செய்த கதையைப் பரப்பியவர், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேசன் வீம்ஸ். நாணயத்தில் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் வந்ததோ வெகுகாலம் கழித்து, 1864-இல்.

கடைசியாக, தலைமை என்றாலே அதிபர்கள்தான் என்று எண்ணுவது. பிலடெல்பியாவின் ரிச்சர்ட் ஆலன் அடிமையாகப் பிறந்து, காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர். வெள்ளையர் நடத்திய மெதடிஸ்ட் ஆலயத்தில், ஜெபத்துக்கு மண்டியிட்டிருந்த கறுப்பின மக்களை இழுத்து எழுப்பியதால் வெளியேறி, 1794-இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். அதையும் தங்கள் பிடியில் வைக்கவே வெள்ளைத் தலைவர்கள் முயன்றார்கள். 1816-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஆலன் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பல ஊர்க் கறுப்பின சபைகள் ஒன்றுகூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையை அமைத்து, அவரைத் தங்கள் முதல் பேராயராக்கின.