எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இட்லி, சோறு, பிரெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வீடுகளில் சோறோ இட்லியோதான் சாப்பாடு. பருப்பும் முட்டையும் மீனும் அதற்குத் துணை. எடையைக் குறைக்க இரைப்பையில் ஸ்லீவ் அல்லது பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டுக்கு வந்ததும் அளவைக் குறைக்கிறார்கள், இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். உணவில் வரும் பல சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்து, நேராகக் குடலோடு இணைக்கிறார்கள். உணவு முதலில் போய்ச் சேரும் அந்தப் பை ஆரம்பத்தில் 30 மி.லி. அளவுதான், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. திட உணவுக்கு மாறிய பிறகும் பல மாதங்களுக்கு ஒரு வேளைக்கு அரை கப்பை ஒட்டித்தான் சாப்பிட முடியும். அந்த இடத்துக்குள் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சேர வேண்டும். 40 கிராம் எடையுள்ள ஒரு சிறிய இட்லியில் இருப்பது 2 கிராமை ஒட்டிய புரதம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டால் 4 கிராமோடு வயிறு நிறைந்துவிடும். மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று போனால் அன்றைய கணக்கு 15, 20 கிராமைத் தாண்டாது. எடை குறையும், ஆனால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுவதை அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியே தொடங்கிவைக்கும். புரதக் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் அதை நீட்டிவிடும்.

ஆகவே முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டிப் பருப்பு ஆகியவற்றில் ஒன்றை மூன்று மேசைக்கரண்டி முதலில் சாப்பிடுங்கள். அடுத்து வெந்த காய் ஒன்றிரண்டு கரண்டி. அதற்கு மேல் இடமிருந்தால்தான் சோறோ இட்லியோ. இங்கே நம் பழக்கம் ஒன்று குறுக்கே வரும்: எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்துவிடுவோம். பிசைந்த கவளத்தில் முக்கால் பங்கு சோறு. எது முதலில் போனது என்ற கணக்கே கிடையாது. தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டு, ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் தொடுவதே வழி.

மெத்தென்ற பிரெட் எளிதில் செரிக்கும் என்று நினைப்பது

காய்ச்சலுக்குப் பாலில் நனைத்த பிரெட் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அதனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதுவே பாதுகாப்பானது என்று தோன்றும். உண்மை நேர் எதிர். கோதுமையிலும் மைதாவிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் பிசையும்போது இழுவைத் தன்மை பெறுகிறது. மென்மையான பிரெட்டை மென்றால் உமிழ்நீரில் ஊறித் துகள்களாக உடையாமல், மீண்டும் மாவு உருண்டையாகத் திரள்கிறது. பழைய இரைப்பைக்கு அதைப் புரட்டி அரைக்கும் பலமும் இடமும் இருந்தன. பைபாஸில் பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டியதுதான். ஸ்லீவில் பை முழுவதுமே ஒடுங்கிய குழாய். உருண்டை அங்கே நின்றுவிட்டால் நெஞ்சுக்கு நடுவில் அழுத்தம், வாய் நிறைய உமிழ்நீர், பிறகு நுரை நுரையாக வாந்தி. பன், பாவ், நான், பீட்சாவின் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான்.

பிரெட்டை முயல்வதற்கு முன் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் டயட்டீஷியன் சொல்லும் நாள்தான் கணக்கு. முதல் முறை அரைத் துண்டு போதும். மேல் மட்டும் சிவந்து உள்ளே மெத்தென்று இருக்கும் டோஸ்ட் பயனில்லை. குறைந்த தீயில் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் உள்வரை காயும்படி வாட்டுங்கள். உடைத்தால் சத்தத்தோடு முறிய வேண்டும். முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டு, டோஸ்ட்டைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கடித்து, 20, 25 முறை மெல்லுங்கள்.

சப்பாத்திக்கும் இது பொருந்தும். சுட்ட கையோடு ஹாட்பாக்ஸில் அடுக்கினால் வேர்த்து இழுவையாகிவிடும். மெல்லிய பூல்காவாகச் சுட்டு, சற்று ஆறவிட்டு, கால் பங்கிலிருந்து தொடங்கலாம். பரோட்டாவை நீண்ட காலத்துக்கு மறந்துவிடுவது நல்லது: அடித்து வீசி இழுத்த மைதா, அதன் அடுக்குகளுக்குள் எண்ணெய். கொத்து பரோட்டாவாகச் சிறிதாக வெட்டினாலும் அந்த இழுவை போவதில்லை.

கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். பல பிரவுன் பிரெட்டுகளின் நிறம் கேரமலில் இருந்து வருவது. உட்பொருள் பட்டியலில் 150 என்ற எண்ணோடு இருக்கும். பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். மைதா முதலில் இருந்தால் பெயர் மல்டிகிரெய்ன் என்றாலும் அது மைதா பிரெட்தான்.

குழைந்த சோறும் ரசமும்

திட உணவுக்கு முன் வரும் மசித்த உணவுக் கட்டத்தில் பருப்போடு சேர்த்துக் கூழாக்கிய ஒன்றிரண்டு கரண்டி சோறு பரவாயில்லை. அதற்குப் பிறகு குழைந்த சோறு கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, மெல்லாமலே தொண்டையைத் தாண்டிவிடும். இடியாப்பம், கொழுக்கட்டை, ரவா உப்புமா மூன்றும் இந்த வகையே. சோறு உதிரியாக இருக்கட்டும், தேக்கரண்டியில் எடுங்கள். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள்.

சோற்றில் ரசத்தையோ மோரையோ நிறைய ஊற்றினால் சிரமமில்லாமல் இறங்குகிறதே என்று பலர் மகிழ்கிறார்கள். நீரோடு சேர்ந்த சோறு பையில் தங்காமல் நழுவிப் போய்விடுகிறது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. ரசத்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்போ பின்போ தனியாகக் குடியுங்கள். தண்ணீருக்கும் இதே விதி.

கஞ்சி, கருப்பட்டி, முறுக்கு

ராகிக் கஞ்சியில் கால்சியம் உண்டு என்பது சரி. ஆனால் இரண்டு மேசைக்கரண்டி ராகி மாவில் மாவுச்சத்து 14 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. கஞ்சி வைப்பதானால் தண்ணீருக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பாலில் காய்ச்சி, சற்று ஆறியதும் டயட்டீஷியன் சொன்ன புரோட்டீன் பவுடரைக் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் திரண்டுவிடும்.

அதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்ப்பது பெரிய தவறு. உடலுக்கு இவை எல்லாம் சர்க்கரைதான். பைபாஸ் செய்தவர்களுக்குக் குறிப்பாக, இனிப்பு குடலில் திடீரென்று இறங்கும்போது 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வயிற்று வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இது டம்பிங். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து சர்க்கரை இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது மீண்டும் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் அதே சுற்று தொடங்கும். குளுக்கோமீட்டரில் அளந்து, நேரத்தையும் சாப்பிட்டதையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

முறுக்கு, மிக்சர், ரஸ்க், பிஸ்கட் ஆகியவற்றில் ஆபத்து வேறு மாதிரி. இவை அடைப்பதில்லை, தூளாகிச் சுலபமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. 100 கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கலோரி. இரண்டாம் ஆண்டில் எடை திரும்ப ஏறுபவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன், மாலை டீயோடு என்ன போகிறது என்று பார்க்க வேண்டும்.

சிறுதானியம் என்றால் அளவில்லை என்பது

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், தினை, சாமை, வரகில் 60 முதல் 67 கிராம். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். அதற்காக அளவைக் கூட்ட இடமில்லை. வரகுச் சோறு ஆறினால் வறண்டு தொண்டையில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றையெல்லாம்விட நம் சமையலிலேயே நல்ல வழி அடை. அரிசி ஒரு பங்கு. துவரை, கடலை, பாசி, உளுந்து சேர்த்து மூன்று பங்கு. வழக்கமான அடையைவிட நைசாக அரைத்து, மிளகாய் குறைத்து, உள்ளங்கை அகலத்தில் மெல்லிசாக ஊற்றுங்கள். அதே எடை மாவில் தோசையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் புரதம் கிடைக்கும். மென்மையான உணவுக் கட்டம் முடிந்த பிறகு, பாதி அடை கெட்டித் தயிரோடு.

மாவுச்சத்தே வேண்டாம் என்று முழுக்க நிறுத்துவதும் சரியல்ல. தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வரும். பிறகு ஒருநாள் கட்டுப்பாடு மொத்தமும் உடையும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும்போதே மருந்தின் அளவையும் மருத்துவரிடம் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய அளவு மருந்து புதிய தட்டுக்குப் பொருந்தாது.

அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளுவது

அடைப்புக்கு மேல் தண்ணீர் நின்று வலி கூடும். சாப்பிடுவதை நிறுத்தி, எழுந்து மெல்ல நடங்கள். பெரும்பாலும் தானே இறங்கும். சில மணி நேரமாகியும் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாந்தி இரண்டு, மூன்று நாள் தொடர்ந்தால் எந்த உணவு சேரவில்லை என்று வீட்டிலேயே ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். வைட்டமின் பி1 உடலில் அதிகம் சேமிக்கப்படுவதில்லை; தொடர் வாந்தியில் அது வேகமாகத் தீர்ந்து, நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், குழப்பம் வரும். மாவுச்சத்தை எரிக்க அதே பி1 தேவை என்பதால், அது இல்லாத உடலில் குளுக்கோஸ் ஏற்றினால் நிலை மோசமாகும். பக்கத்துக் கிளினிக்கில் ட்ரிப் போடச் சொன்னால், எந்த அறுவை சிகிச்சை எப்போது செய்தது என்பதை முதலில் சொல்லிவிட்டு, குளுக்கோஸுக்கு முன் பி1 ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.