ஸ்டேடியம் கூரையும் காற்றும்: பலரும் செய்யும் தவறுகள்
கேலரிக் கூரையின் எடையைத் தாங்க எவ்வளவு இரும்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாக மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. முன்னால் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையில் மைதானப் பக்கமிருந்து வரும் காற்று அடியில் புகுந்து தூக்கும், மேலே ஓடும் காற்றோ அதே நேரத்தில் உறிஞ்சி இழுக்கும், ஆக இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிடும். கூரை லேசானது என்றால் அதைத் தாங்குவதைவிடப் பறக்காமல் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், இதை மறக்கவே கூடாது.

கூரை முழுக்க ஒரே இடைவெளியில் ஸ்க்ரூ போடுவதும் தப்பு. ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம். அங்கே ஒரு தகடு கிளம்பினால் போதும், காற்று உள்ளே நுழைந்து அடுத்தடுத்த தகடுகளையும் உரித்துவிடும்.

சரி, சுற்றிலும் அடைத்துவிட்டால் காற்று நின்றுவிடுமா? சான் பிரான்சிஸ்கோவில் 1960-ல் திறந்த கேண்டில்ஸ்டிக் பார்க் என்ற ஸ்டேடியத்தை 1971 வாக்கில் கேலரிகளால் முழுவதும் சூழ்ந்தார்கள். காற்று நிற்கவில்லை, உள்ளேயே சுழல ஆரம்பித்தது. துளையில்லாத முழுச் சுவரை விட, துளையுள்ள தடுப்பு காற்றின் வேகத்தை நிதானமாகக் குறைக்கும், புல்லுக்கும் காற்றோட்டம் கிடைக்கும். கேலரிகளுக்கு நடுவில் விடும் குறுகிய சந்துகளையும் கவனியுங்கள், காற்று அங்கேதான் சீறிப் பாயும். கட்டட விதிமுறைப் புத்தகத்தின் காற்று விசை அட்டவணைகள் பெரும்பாலும் எளிய வடிவக் கட்டடங்களுக்கானவை. அதனால் பக்கத்துக் கட்டடங்களையும் மேடுகளையும் சேர்த்து சிறிய மாடல் செய்து காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கையாகக் காற்றை வீசவைக்கும் சோதனைக் கூடத்தில், சோதிப்பதைச் செலவு என்று தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது பிற்பாடு மாட்டும் சாமான்கள்தான். 2023 அக்டோபரில் லக்னோவில் ஆஸ்திரேலியா, இலங்கை உலகக்கோப்பை ஆட்டத்தின்போது பலத்த காற்றில் விளம்பரப் பலகைகள் கேலரியில் விழுந்தன. பேனர், பலகை, ஒலிபெருக்கி எதுவானாலும் அதற்கும் காற்று விசைக் கணக்கு வேண்டும்.

அப்புறம், வடிவமைத்த நாளின் வலிமை காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புவதும் தவறு. 1990-ல் திறந்த புளோரிடாவின் டிராபிகானா ஃபீல்ட் ஸ்டேடியத்தின் துணிக்கூரை மணிக்கு 115 மைல், அதாவது சுமார் 185 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் என்றார்கள். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி அதைக் கிழித்தெறிந்தது. துணியும் தையலும் பிடிப்புக் கம்பிகளும் வெயிலிலும் காற்றில் ஆடி ஆடியும் தேயும், எனவே அவற்றை எப்போது சோதிப்பது, எப்போது மாற்றுவது என்பதை வரைபடம் போடும்போதே எழுதி வைக்க வேண்டும்.