உப்புக்காற்று ஊரில் கேஸ் அடுப்பைச் சோதிப்பது எப்படி?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சமையலறை ஜன்னல் கம்பியைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் அடுப்பின் அடியிலும் படிகிறது. போன ஆண்டு எங்கள் வீட்டு அடுப்பைத் தூக்கிப் பார்த்தேன். டியூப்பை இறுக்கியிருந்த கிளிப், தொட்டதும் துருத்தூளாகக் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கசிவு பார்ப்பதைத் தவறவிடுவதில்லை.

ஏற்கெனவே கேஸ் வாடை அடித்தால் சோதனை வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே ஜன்னலோடு வாசற்கதவையும் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

வாடை இல்லையென்றால் தொடங்கலாம். அடுப்பை அணைத்து, சாமி விளக்கையும் குளிரவைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முதல் வேலை சோப்பு நீர் கரைப்பது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து போகும். அதைப் பூசிவிட்டுக் கசிவே இல்லை என்று நம்புவது பெரிய ஆபத்து. காவிரிக் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ எடுத்து, கெட்டியாக நுரைக்கும்வரை கரையுங்கள்.

அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். சிறு பிரஷ்ஷால் ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், டியூப்பின் இரு முனைகள், டியூப் முழுவதும், திருகுகளின் தண்டு என்று வரிசையாகப் பூசி, ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி பாருங்கள். பூசும்போது எழும் நுரை அப்படியே அடங்கும். கசிவுக் குமிழி அடங்காது. கடுகளவில் தொடங்கிப் பருத்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். கண்டால் உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டர் பக்கம் கசிந்தால், பெரும்பாலும் சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு வாஷர் தேய்ந்திருக்கும். புது சிலிண்டர் வரும்போதே, கொண்டுவரும் அண்ணனிடம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். டியூப்பை வளைத்து வெடிப்பு தேடுங்கள். வெடிப்பே இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

திருகின் தேய்மானத்தைக் கையே சொல்லிவிடும். உள்ளே பித்தளை வால்வு மசகின் மேல் சுழல்கிறது. மசகு காய்ந்தால் கரகரவென்று இறுகும். தேய்ந்துவிட்டால் தொளதொளக்கும், சிம்மில் வைத்தாலும் தீ குறையாது. இரண்டுமே மெக்கானிக் பார்க்க வேண்டியவை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், சூட்டில் பிசினாகிவிடும்.

முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கிளிப்பின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். ஈரமும் உப்பும் ஒளிந்துகொள்ளும் இடம் அது.